மறித்தலும் வழிவிடுதலும்

அறவியலை ஆராய்வோர் பெரும்பாலும் பெரிய வினாக்களிலிருந்தே தொடங்குவர். கொலை தகுமா, பொய் தகுமா, போர் தகுமா என்றவாறு அவ்வினாக்கள் அமையும். அவற்றுக்கு விடை காண்போர் ஆறியமர்ந்து விடை காண்கின்றனர். ஆனால் மனிதர் நாளாந்த வாழ்வில் எதிர்கொள்ளும் அறச்சிக்கல்களுட் பல, ஆறியமர்வதற்கு இடமே இல்லாத வேளையில் எழுகின்றன. இரவு நேரத்தில் ஒரு வான் விரைந்து வருகின்றது. வீதியோரத்தில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் மின்சூளை அசைத்து அதனை மறிக்கின்றார். வானுக்குள்ளே ஒரு நோயாளி இருக்கின்றார். ஓட்டியவர் விதியை மீறினார் என்பதில் ஐயமில்லை. மறித்தவர் தம் கடமையைச் செய்தார் என்பதிலும் ஐயமில்லை. இருந்தும் அவ்விடத்தில் ஏதோ ஒரு தவறு நிகழ்கின்றது என்ற உணர்வு நமக்கு எழுகின்றது. அத்தவறு யாது, அது யாருடையது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாவாகும்.

இது எங்கும் எழக்கூடிய வினாவே. எனினும் யாழ்ப்பாணத்துத் தீவகத்தைச் சேர்ந்த ஒருவர் இதனை எழுப்பும்போது ‘மறித்தல்’ என்ற சொல் வெறுஞ் சொல்லாக நின்றுவிடுவதில்லை. நிலவமைப்பை முதலில் நோக்குவோம். ஊர்காவற்றுறையும் வேலணையும் அல்லைப்பிட்டியும் அடங்கிய தீவு, மண்டைதீவின் வழியாகச் செல்லும் பண்ணைத் தாம்போதியினால் யாழ்ப்பாண நகரத்தோடு இணைகின்றது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு மற்றொரு தாம்போதி உண்டு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அப்பாற் செல்வது படகினாலேயே. ஆக, தீவகத்தார்க்கு நகரத்துக்குச் செல்லும் தரைவழி ஒன்றே. அந்த வழியை மறித்தால் வேறு தரைவழி இல்லை.

அவ்வழி மறிக்கப்பட்ட வரலாறும் நீண்டது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகளும் பெண்களும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர்தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தீவகம் அரச படையினரின் கைக்கு வந்தபின், நகரம் வேறொரு தரப்பின் ஆட்சியில் இருந்த ஐந்தாண்டுக் காலமும் பண்ணை வழி மக்கள் போக்குவரத்துக்கு உதவாது கிடந்தது. 2006 ஓகஸ்ட் 13ஆம் நாள் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதற்கு ஒரு வாரத்தின்பின், அதே மாதம் 20ஆம் நாள், கடற்படைச் சோதனைச் சாவடியருகே காணப்பட்டமையே அவரைப் பற்றிய இறுதிச் செய்தியாயிற்று. இவ்வூர்களில் மறித்தல் என்பது முன்பு ஒரு வாழ்வின் முடிவாகவும் இருந்திருக்கின்றது. இன்று வீதியில் நிற்கும் இளம் உத்தியோகத்தருக்கு இவற்றில் எவ்விதத் தொடர்பும் இல்லாதிருக்கலாம். அவர் பிறந்திராத காலத்து நிகழ்ச்சிகளும் இவற்றுள் உள. ஆனால் அவருடைய மின்சூளின் ஒளி பட்டதும் வானில் இருப்போரின் நெஞ்சு ஒடுங்குவதற்கு இவையே காரணம்.

இனி நான் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும். சொந்தக் கதையைத் தத்துவக் கட்டுரையிற் புகுத்துவது மரபன்று என்பதை அறிவேன். எனினும் இச்சிக்கலை நான் நூல்களிற் கண்டுகொள்ளவில்லை. ஒரு வானின் பின்னிருக்கையிலேயே கண்டுகொண்டேன்.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மழையிரவு ஒன்றில், புங்குடுதீவில் எங்கள் அப்பாச்சிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அவர் நெடுநாள் இருதய நோயாளி. படுக்க இயலாது எழுந்திருந்து, இரு கைகளையும் கட்டிலில் ஊன்றியபடி மூச்சுக்குப் போராடினார். அந்தப் பதற்றத்தில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும் என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. (அச்சேவை வட மாகாணத்தில் 2018 யூலை 21ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1990 என்றதும் தீவகத்து முதியோர்க்கு நினைவில் வருவது வேறொன்று என்பது ஒருபுறமிருக்க.) அயல்வீட்டு அண்ணையின் வானில் அப்பாச்சியை ஏற்றிக்கொண்டு சித்தப்பாவும் நானும் புறப்பட்டோம். புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். அண்ணை எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்பதை நான் பார்க்கவில்லை. தாம்போதியில் ஏறியபின் எதிரே விளக்கில்லாத சைக்கிள் ஒன்று சடுதியாகத் தென்பட்டது. அதில் வந்த இளைஞன் சைக்கிளோடு ஓரத்துக்குச் சரிந்தான். நாம் போய்விட்டோம்.

அதன்பின் வழியில் ஓரிடத்தில் பொலிஸார் மறித்தனர். இருவர் நின்றனர். ஒருவர் அண்ணையின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வானின் காப்புறுதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்கி, மழைக்கு ஒதுங்கி நின்று, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். சித்தப்பா தமிழிற் கெஞ்சினார்; அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “ஆச்சி மெரெனவா, சேர்” என்றேன். ஆச்சி என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவானது. மற்றச் சொல்லின் பொருள், சாகின்றார் என்பது. அப்பாச்சி அந்நேரம் சாகவில்லை. சாவார் என்று நான் உறுதியாக நம்பவும் இல்லை. அதைவிடக் குறைந்த சொல் எதுவும் அவர்களை அசைக்காது என்றெண்ணியே அச்சொல்லைச் சொன்னேன். அச்சொல்லும் அசைக்கவில்லை. இப்படிச் சொல்வோர் பலரை அவர்கள் கண்டிருப்பர் போலும்.

அப்பாச்சியும் அப்பாவின் அப்பாவும் 1983க்கு முன்னர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தவர்கள். தீவகத்தார் பலர் அவ்வாறு சிங்கள ஊர்களில் வணிகம் செய்து வாழ்ந்தோரே. நான் சொன்னதன் பொருள் என்னைக் காட்டிலும் அப்பாச்சிக்கு நன்கு விளங்கியிருந்தது. அவர் யன்னற் கண்ணாடியைக் கையாற் தட்டி அந்த உத்தியோகத்தரை அழைத்தார். “புதே, மட்ட ஹுஸ்ம கன்ன அமாருய்” என்று, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியபடி கூறினார். மகனே, எனக்கு மூச்செடுக்கக் கடினமாக இருக்கின்றது என்பதே அது. உத்தியோகத்தர் மின்சூளை உள்ளே பிடித்து அவருடைய முகத்தைப் பார்த்தார். அதுவரை அவர் உள்ளே பார்த்திருக்கவில்லை. உடனே பத்திரங்களைத் திருப்பித் தந்து, போகச் சொன்னார். மெதுவாகப் போங்கள் என்றும் சொன்னார். மறித்ததிலிருந்து அதுவரை பதினொரு நிமிடங்கள் சென்றிருந்தன.

அப்பாச்சி பிழைத்தார். நுரையீரலிற் சேர்ந்திருந்த நீரை மருந்து கொடுத்து இறக்கினர். ஆறாம் நாள் வீடு திரும்பினார். அந்தப் பதினொரு நிமிடங்களால் என்ன கேடு நேர்ந்தது என்று நான் வினவியபோது, பெரிதாக ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். ஆயின் கேடு விளையாவிடின் தவறு இல்லையா? விளைவை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோர் இல்லையென்றே கூறவேண்டும். அவ்வாறாயின் அண்ணை சைக்கிளோட்டியை மோதாததனால் அவர் விரைந்ததிலும் தவறில்லை என்று ஆகிவிடும். ஒருவரது செயலின் தகுதி, அவருக்குத் தெரியாததும் அவர் கட்டுப்படுத்தாததுமாகிய விளைவுகளினால் இரவோடிரவாக மாறிவிடுமென்பது ஏற்புடையதன்று. ஆகவே ஓட்டியவரையும் மறித்தவரையும் அவ்வேளையில் அவர்கள் அறிந்தவற்றையும் அறிய முயன்றிருக்கக் கூடியவற்றையும் கொண்டே நோக்குதல் வேண்டும்.

முதலில் ஓட்டியவரின் பக்கம். இன்றியமையாமை என்ற நியாயத்தை நமது சட்டமும் அறியும். 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, பெருந்தீங்கொன்றைத் தவிர்க்கும் பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல், தீங்கு நேரக்கூடுமென்று அறிந்து செய்யப்படினும், குற்றமாகாதிருக்கக்கூடும் என்ற கருத்தை ஏற்றுக்கொள்கின்றது. அதற்கு அது காட்டும் உதாரணம் கடலிலிருந்து எடுக்கப்பட்டமை தீவகத்தார்க்கு வியப்பூட்டும். நீராவிக் கப்பலொன்றின் தலைவன், தன்பால் எவ்விதத் தவறுமின்றி, இருபது முப்பது பேர் உள்ள படகொன்றை மோதவேண்டிய நிலைக்கு ஆளாகின்றான். திசையைத் திருப்பினால் இரண்டு பேர் மட்டுமே உள்ள மற்றொரு படகை மோதக்கூடும். அந்த ஆபத்தை ஏற்றுத் திருப்பியவன் குற்றவாளியல்லன் என்கிறது சட்டம்.

ஆனால் அத்தலைவனுக்கும் எங்கள் அண்ணைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவன் இரு படகுகளையும் காண்கின்றான். வான் ஓட்டுபவர் காண்பது ஒரு படகை மட்டுமே. அதாவது, தம் பின்னால் மூச்சுத் திணறும் ஓர் உயிரை. மற்றப் படகு இருளில் விளக்கின்றி வரும் சைக்கிள். அதில் வருபவர் யார், அவர் வீட்டில் யார் காத்திருக்கின்றார் என்பதெல்லாம் அவர் அறியாதவை. ஆபத்தை மற்றொருவர் தலையில் அவரைக் கேளாமலே ஏற்றிவிடுகிறோம். அன்பின் பெயரால் ஏற்றுகிறோம் என்பதால் அதன் பாரம் குறைவதில்லை.

கணக்கும் இவ்விடத்தில் உதவுகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் 28 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 34 நிமிடங்கள் செல்லும். 70 கிலோமீற்றர் வேகத்தில் 24 நிமிடங்கள் போதும். மீதமாவன பத்து நிமிடங்கள். ஆனால் வேகம் 50இலிருந்து 70 ஆகும்போது மோதலின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகின்றது. பௌதிகவியல் நமது அவசரத்துக்கு இரங்குவதில்லை. பத்து நிமிடங்கள் சில நோய்களில் அனைத்துமாகும்; பல நோய்களில் அவற்றுக்குப் பெரிய பொருளில்லை. எது எந்த நோய் என்பதை ஓட்டுபவரால் அறியவும் முடியாது. அதுவன்றி, முதலுதவிக் கருவிகளோடும் பயின்ற பணியாளரோடும் வரும் அம்புலன்ஸ் ஒன்று இருக்கும் நாட்டில், அதனை அழைக்க மறந்த எங்கள் குடும்பம் இன்றியமையாமை பேசும் உரிமையை ஓரளவு இழந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆகவே வானை மறித்ததைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சைக்கிளோட்டியின் தாய் அங்கு நின்றிருந்தால் அவரே அதனை மறித்திருப்பார்.

அவ்வாறாயின் தவறு எங்கே? மறித்ததில் இல்லை, மறித்தபின் நடந்ததில் உண்டு என்பதே என் கருத்து. இதனை விளக்க அயல்நாட்டு நிகழ்ச்சியொன்று பயன்படும். 2009 மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துப் பிளேனோ நகரில், சாகுந்தறுவாயில் இருந்த உறவினரைக் காண விரைந்த குடும்பமொன்றின் வாகனம் சிவப்பு விளக்கைக் கடந்து சென்றது. டலஸ் நகரப் பொலிஸ்காரர் ஒருவர் அதனைத் தொடர்ந்து சென்று வைத்தியசாலையின் வாகனத் தரிப்பிடத்திலேயே மறித்தார். ஓட்டி வந்தவர் தம் மாமியார் உள்ளே இறந்துகொண்டிருக்கின்றார் என்று எடுத்துச் சொன்னார். வைத்தியசாலைப் பணியாளரும் வந்து அதனை உறுதிப்படுத்தினர். பொலிஸ்காரர் விடவில்லை, தண்டப் பத்திரத்தை எழுதி முடிக்கும்வரை நிறுத்திவைத்தார். ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடங்கள் சென்றன. அதற்கிடையில் உள்ளே அந்த அம்மையார் இறந்துவிட்டார். நகரத்துப் பொலிஸ் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மறித்தவர் பதவியைத் துறந்தார்.

இதிற் காணத்தக்கது யாதெனில், வாகனம் வைத்தியசாலை வாயிலில் நின்றவுடனேயே வேகத்தினால் வரக்கூடிய ஆபத்து நீங்கிவிட்டது. வீதியைப் பாதுகாத்தல் என்ற நோக்கம் அத்துடன் நிறைவேறிவிட்டது. எஞ்சிய பதின்மூன்று நிமிடங்களும் வீதியின் பாதுகாப்புக்காக அல்ல. அதிகாரத்துக்குப் பணிதல் என்பதற்காகவே செலவாயின. விதி எதற்காக உள்ளதோ அது நிறைவேறியபின்னும் விதியைப் பற்றி நிற்பவர், விதியை அன்று, தம்மையே காக்கின்றார். அவருக்கு எதிரே நிற்பவர் நியாயத்தை எடுத்துக் கூறக் கூற, அது அவருக்கு எதிர்த்துப் பேசுவதாகவே கேட்கின்றது.

மறிப்பவர்க்கும் நியாயங்கள் உள. வைத்தியசாலை என்றும் பிரசவம் என்றும் பொய் சொல்லித் தப்புவோர் நம்மிடையே மிகப் பலர். இதைப் படிக்கும் மாணவர்களுள்ளும் சிலர் இருக்கக்கூடும். இம்மானுவேல் கான்ற் கூறிய சோதனையை இங்கு வைத்துப் பார்க்கலாம்: அவசரம் என்று சொன்ன ஒவ்வொருவரையும் விட்டுவிடுவது பொது விதியாகுமாயின், அவசரம் என்ற சொல்லே பொருளிழந்துவிடும். என்னுடைய ‘மெரெனவா’ அவ்வாறு பொருளிழந்து போன சொல்லே. முன்னர் பொய் சொன்னோரின் கடனை அன்றிரவு நாங்கள் அடைத்தோம். எனது மிகையுரையினாற் பின்வருவோர்க்குச் சிறிது கடனும் வைத்தோம். கொலைகாரனிடத்தும் பொய் கூறலாகாது என்று 1797இல் எழுதியவர் கான்ற். அந்த அளவுக்கு நான் செல்லேன். ஆனால் மரணத்தை அறிவிக்கும் அச்சொல்லை, அது யாரைக் குறித்ததோ அவருடைய காதில் விழ நான் கூறினேன் என்பதை எந்தத் தத்துவத்தாலும் நேர்செய்ய இயலவில்லை. மிகக் கொடிய சொல்லைச் சொன்னாலன்றி விடமாட்டார்கள் என்ற நிலையை உண்டாக்குவதும் ஒருவகைக் கொடுமையே.

தமிழ் அறநூலோர் இதனை எவ்வாறு நோக்கினர் என்று ஆராய்ந்தபோது திருக்குறளின் அதிகார வைப்பு என் கருத்தை ஈர்த்தது. கண்ணோட்டம் என்னும் 58ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. அருளுடைமையோடும் அன்புடைமையோடும் வைக்கத்தக்கது போலத் தோன்றும் அப்பண்பை, வள்ளுவர் பொருட்பாலின் அரசியலில் வைத்தார். அதற்கு முன்னே செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்ற மூன்றும் நிற்கின்றன. பின்னே ஒற்றாடல் நிற்கின்றது. மக்களை அஞ்சச் செய்யாமைக்கும் மக்களை வேவு பார்ப்பதற்கும் இடையே கண்ணோட்டம்! இதனினும் பொருத்தமான இடத்தைச் சோதனைச் சாவடிக்கு யாரும் காட்டியிருக்க முடியாது. கண்ணோட்டம் தனிமனிதரின் இளகிய மனத்தைப் பற்றியதன்று, ஆட்சி செய்வோரின் தொழிற்றகுதியைப் பற்றியது என்பதே இவ்வைப்பினாற் பெறப்படுகின்றது. கடமை சிதையாமலே கண்ணோட முடியும் என்பதும் அவ்வதிகாரத்தின் துணிபு.

ஆயினும் பரிமேலழகர் இதற்கு உரை வகுக்கையில், தம்மோடு பழகியவர் கூறியதை மறுக்கமாட்டாத இயல்பு என்ற கருத்துப்பட விளக்குகின்றார். இதனைப் படித்தபோது எனக்கு அன்றைய இரவு விளங்கிற்று. விளங்கியதோடு சற்றுக் கலக்கமும் ஏற்பட்டது. அந்த உத்தியோகத்தர் மனம் மாறியது எதனால்? அப்பாச்சி அவருடைய மொழியில், அவருடைய ஊர்க் கிழவி ஒருத்தி பேசுவது போலப் பேசினார், மகனே என்றார். அந்நொடியில் அவர் ‘பழகியவர்’ ஆனார். கண்ணோட்டம் பிறந்தது. அது உண்மையான கண்ணோட்டமே. அவரைக் குறைகூற நான் விரும்பவில்லை. ஆனால் அப்பாச்சி தென்னிலங்கையில் கடை நடத்தியிராவிடின்? பேச இயலாத அளவு மூச்சுத் திணறியிருந்தால்? எங்கள் ஊரில் சிங்களம் பேசத் தெரிந்த அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. எழுதப்பட்டது மழையில் நின்றுகொண்டிருந்த அவர்கள் இருவரையும் வந்தடைந்திருக்கவில்லை.

எல்லாளனின் கதையை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகின்றோம். மனுநீதி கண்ட சோழனுக்குத் தமிழ் மரபு ஏற்றிக் கூறும் இக்கதையை அநுராதபுரத்து ஆண்ட எல்லாளனுக்கு மகாவம்சம் ஏற்றிக் கூறுகின்றது. இளவரசனின் தேர்ச் சில்லில் அகப்பட்டுக் கன்று இறந்தது. பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் மகனுக்கு அதே தண்டனையை விதித்தான். நடுநிலைமைக்கு எடுத்துக்காட்டாக இதனை மேடைதோறும் கூறுவர். விரைந்து சென்ற வாகனத்தைப் பற்றிய கதையாக ஒருவரும் கூறுவதில்லை. அக்கன்றுதான் எங்கள் சைக்கிளோட்டி. ஆனால் எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது அந்த மணி. அதனை அடிக்க மொழி வேண்டியதில்லை, பழக்கம் வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதுமில்லை. வாயில்லாப் பசுவே அடிக்கக்கூடிய உயரத்தில் அது கட்டப்பட்டிருந்தது. எங்கள் வீதியில் அத்தகைய மணி இல்லை. அங்கே அகப்படுவோர், உத்தியோகத்தரின் மனம் அன்றைக்கு எவ்வாறு உள்ளது என்பதையே நம்பி நிற்கின்றனர். மனிதரின் தயவில் நிற்கும் சலுகை, கிடைத்தவர்க்கு நன்றியையும் கிடையாதவர்க்கு மனக்கசப்பையும் தருமேயன்றி இருவருக்கும் உரிமையைத் தருவதில்லை.

பொது விதி எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே கண்டுகொள்ள முடியாது என்பதை அரிஸ்ரோட்டில் உணர்ந்திருந்தார். லெஸ்பொஸ் தீவுக் கட்டடக்காரர் கல்லின் வளைவுக்கேற்ப வளையும் ஈயக் கோலைப் பயன்படுத்தியதை அவர் தமது ஒழுக்கவியல் நூலில் எடுத்துக்காட்டுகின்றார். கோல் வளைகின்றது, ஆனால் அளவுகோலாகவே இருக்கின்றது. நமக்கு வேண்டியது அத்தகைய வளைவு. அது உத்தியோகத்தரின் மனத்தில் மட்டும் இருந்தாற் போதாது, கோலிலேயே இருக்கவேண்டும்.

நான் கருதுவது இதுவே. ஒருவரை மறிப்பவர் அவருடைய நேரத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்கின்றார். மறிக்கும்வரை நோயாளியின் பொறுப்பு ஓட்டியவரிடம் இருந்தது. மறித்த நொடியில் அது மறித்தவரிடம் மாறுகின்றது. பிறர் பொருளை வாங்கி வைத்தவர் அதற்குப் பொறுப்பாவதைப் போல, பிறர் நிமிடங்களை வாங்கி வைத்தவர் அவற்றுக்குப் பொறுப்பாவார். இப்பொறுப்பு மறிக்கும் அதிகாரத்தைக் குறைப்பதன்று. அதோடு ஒட்டிப் பிறப்பது. ஆகையால் மறித்தவரின் முதற் செயல் பத்திரத்தைக் கேட்பதாக இருத்தலாகாது. உள்ளே பார்ப்பதாக இருத்தல் வேண்டும். எங்கள் வானின் உள்ளே பார்க்க அரை நிமிடம் போதியதாக இருந்தது. பதினொரு நிமிடங்களின் முடிவிலேயே அது நிகழ்ந்தது. அண்ணை தாம் விதியை மீறி மீதப்படுத்திய பத்து நிமிடங்களும் அங்கே செலவாகி, மேலும் ஒரு நிமிடம் கடனாயிற்று. விதிப்படி மெதுவாகச் சென்றிருந்தால் முன்னதாகவே சேர்ந்திருப்போம் என்பதை அவரும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

பொய்யர்களை என்ன செய்வது என்று கேட்கலாம். வாகன இலக்கத்தையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொள்ளச் சில நொடிகள் போதும். வைத்தியசாலையில் நோயாளியை அனுமதித்த பதிவு மறுநாளும் அங்கேயே இருக்கும். பொய் சொன்னவருக்கு மறுநாள் தண்டத்தை இருமடங்காக விதிக்கலாம். மெய் சொன்னவரும் வேகத்துக்குரிய தண்டத்தைச் செலுத்தட்டும், எனக்கு மறுப்பில்லை. விசாரணையை ஒத்திவைக்கலாம், மூச்சை ஒத்திவைக்க இயலாது. ஓட்டுபவர் குடித்திருந்தால் நிலைமை வேறு. அவரை விடலாகாது. ஆனால் அப்போதும் நோயாளியை வீதியோரத்தில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு மறித்தவருக்கு உரிமையில்லை. தம்முடைய வாகனத்திலோ, மறிக்கக்கூடிய அடுத்த வாகனத்திலோ அவரை அனுப்பும் கடமை அவரைச் சேர்கின்றது. கடினமான அந்த நிலைமையிலேதான் பொறுப்பு மாறுகின்றது என்று நான் சொன்னதன் பொருள் தெளிவாகும்.

இவ்வாறு கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனையன்று. கடலில் இது நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. நெடுந்தீவில் ஒருவர் கடும் நோயுற்று, அங்குள்ள வைத்தியசாலையில் அவருக்கு வேண்டிய சிகிச்சை செய்ய இயலாதவிடத்து, இரவிலும் கடற்படையின் விரைவுப் படகு அவரைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பல தடவை நிகழ்ந்துள்ளது. சாதாரணப் படகு ஒரு மணிநேரமளவில் கடக்கும் கடலை அது விரைந்து கடக்கின்றது. அப்படகில் ஏறும் முதியோருட் சிலர் குமுதினியில் உறவினரை இழந்தவர்கள். அவர்களுடைய மனம் அவ்வேளையில் என்ன நினைக்கின்றது என்பதை நான் எழுதத் துணியேன். ஆனால் ஒன்றை மட்டும் கூறலாம்: கடலில் நோயாளியைக் கண்டவுடன் அரசு தன் வேகத்தையே அவருக்குக் கொடுக்கின்றது. அங்கே யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. வைத்தியர் அழைத்தாற் போதும். அந்த அழைப்பே மணி. துறையில் இறங்கித் தரையில் ஏறியபின், தனியார் வாகனத்தில் வருபவருக்கு அம்மணி இல்லாமற் போகின்றது. கடலில் முடிந்தது வீதியில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

அப்பாச்சி சென்ற ஆண்டு தம் வீட்டிலேயே காலமானார். வைத்தியசாலையில் சேர்த்த மறுநாட் காலை, முகத்திலிருந்த மூச்சுக் கவசத்தைக் கழற்றியதும் அவர் முதலிற் கேட்டது பொலிஸாரைப் பற்றியன்று. “அந்தச் சைக்கிள்காரப் பெடியனுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?” என்று கேட்டார். சித்தப்பா சற்றும் தயங்காமல், “இல்லையம்மா, அவன் எழும்பிப் போட்டான்” என்றார். எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.